ஆமைக்கு அடியில் என்ன போடுவது

மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு தனியார் மண் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன். அடுக்குமாடி கட்டப்போகிறவர்கள் நிலத்தைத் துளைத்து எடுத்த மண்ணைப் பைகளில் கட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைச் சலித்து, உலர்த்தி, நனைத்து, இடித்து, எவ்வளவு சுமை தாங்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், மழையில் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுப்போம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், மண்ணில் வாழ்கிற பிராணி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அதன் காலடியில் என்ன போடலாம் என்று என் கணவர் உலகத்தில் எல்லோரிடமும் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

ஆமை அவருடைய மேலாளர் வீட்டிலிருந்து வந்தது. மேலாளர் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். நாயைக் கூட்டிக்கொண்டு போவது எளிது, ஆமைக்கு ஆயிரம் காகிதம் கேட்கிறார்கள் என்று அலுவலகத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். யாராவது வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதும் அந்தக் குழுவில் இருந்த பதினோரு பேருக்கும் ஒரே நிமிடத்தில் ஒவ்வாமை, மாமியார், வாடகை வீட்டு நிபந்தனை எல்லாம் வந்துவிட்டன. பன்னிரண்டாவது ஆள் என் கணவர். அவர் கூட்டங்களில் தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். ஆட்டிவிட்டு வந்தார்.

சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் வனத்துறை வந்து கூட்டிக்கொண்டு போகும், ஆமையை மட்டுமல்ல. இது ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளியைச் சேர்ந்த நில ஆமை, முறையாகப் பதிவு செய்தது. பெயர் மாற்றிய காகிதம் கைக்கு வந்ததும், எங்கள் திருமணச் சான்றிதழ் இருக்கிற அதே கோப்பில், அதற்கு மேலே அதைச் செருகி வைத்தார் கணவர்.

மேலாளர் சும்மா கொடுக்கவில்லை. எப்படி வளர்ப்பது என்று ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டி விளக்கியிருக்கிறார். அந்தப் படங்களைக் கணவர் எனக்கும் காட்டினார். ஆமையின் காலை உணவு, மாலை உணவு, வெயில் நேரம், கால்சியம் பொடி எல்லாவற்றுக்கும் வண்ணக் கட்டங்கள். அடியில் எதைப் பரப்ப வேண்டும் என்கிற பக்கத்தில் மட்டும் ‘பிறகு முடிவு செய்யப்படும்’ என்று போட்டிருந்தது. நான்கு வருடம் வளர்த்திருக்கிறார்கள். நான்கு வருடமும் அது ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், கல்யாண மண்டபங்களில் விரிப்பார்களே அந்தப் பச்சைச் செயற்கைப் புல் விரிப்பின்மேல் நின்றிருக்கிறது.

வந்த மூன்றாம் நாள் அதன் சாணத்தில் பச்சை இழைகளைப் பார்த்தேன். கீரை நார் என்று முதலில் நினைத்தேன். குச்சியால் இழுத்தால் நீளமாக வந்தது. பிளாஸ்டிக். ஆமை புல் தின்னும் பிராணி. புல் மாதிரி ஒன்றை அதன் வாயருகே விரித்துவிட்டு அது தின்னக்கூடாது என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். இதை எடுத்துப் போட வேண்டும் என்றேன். கணவர் உடனே ஒப்புக்கொண்டார். அவர் எதையும் உடனே ஒப்புக்கொள்வார். பிறகு என்ன போடுவது என்பதைத் தான் ஆராய்ந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசியோடு உட்கார்ந்தார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மலையாளச் செய்தித்தாளை நான்காக மடித்து விரித்தார். வழவழப்பான தாளில் ஆமையின் கால்கள் நாலு பக்கமும் வழுக்கின. நிற்க முடியாத கோபத்தில் அது தாளைக் கிழித்துத் தலையங்கத்தைத் தின்றது.

அந்த நாட்களில்தான் அவர் ஆமை வளர்ப்போர் கைப்பேசிக் குழு ஒன்றில் சேர்ந்தார். இருநூறு பேர் இருந்த அந்தக் குழுவில் மணல் கட்சி, மரப்பட்டைக் கட்சி, தேங்காய் நார்த்தூள் கட்சி என்று மூன்று கட்சிகள். மணல் போட்டால் அது தீனியோடு வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டு செத்துப்போகும் என்று நார்த்தூள்காரர்கள் எழுதுவார்கள். ஆப்பிரிக்காவில் ஆமைக்கு யார் தேங்காய் உரித்துக் கொடுத்தது என்று மணல்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவர் பெங்களூரில் குளிரூட்டிய அறையில் வளர்த்தார். ஆடி மாதத்தில் அலமாரிக்குள் தொங்குகிற தோல் பெல்ட்டில்கூடப் பூசணம் பூக்கும் திருவனந்தபுரத்தில் வளர்க்கிறவர் எனக்குத் தெரிந்து அதில் என் கணவர் மட்டும்தான். அதை அவர் குழுவில் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை வரிசையாக ஒரு அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, நார்த்தூள் ஜெயித்ததாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தார்.

நார்த்தூளுக்கு மலையாளத்தில் சகிரிச்சோறு என்று பெயர். நகரத்தின் பழைய சந்தையான சாலைக் கடைத்தெருவில் கயிறும் கம்பியும் விற்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனோம். அழுத்திக் காயவைத்த செங்கல் மாதிரி கட்டிகளாக அடுக்கி வைத்திருந்தார், ஒவ்வொன்றும் தலையணைக்குப் பாதி. மாடித் தோட்டம் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். ஆமைத் தொட்டிக்கு என்று கணவர் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாலைக் கடைக்காரர்களை அவ்வளவு சுலபத்தில் ஆச்சரியப்படுத்த முடியாது.

“ஒண்ணு போதும் சார். தண்ணி பட்டா ஊதிக்கிட்டே இருக்கும்” என்றார்.

கணவர் நான்கு வாங்கினார். அட்டவணையில் அரையடி ஆழம் என்று இருந்ததாம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றுச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. நான்கு கட்டிகளையும் குளியலறையில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, பத்து நிமிடக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளப் போயிருக்கிறார். அவர்கள் அலுவலகத்தில் பத்து நிமிடக் கூட்டம் என்பது ஒன்றரை மணி நேரம். நான் திரும்பி வந்து குளியலறைக் கதவைத் தள்ளினால் அது முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு மலை ஒன்று வளர்ந்து, அதன் ஓரமாக ஒரு வாளி மிதந்துகொண்டிருந்தது. வடிகால் அடைத்துக்கொண்டது. கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது.

கீழ் வீடு எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருடையது. அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், மலையாளி, குற்றம் நடந்தால் முதலில் புகைப்படம் எடுக்கிறவர். சொட்டுகிற கூரையின் படத்தோடு மேலே வந்தார். கதவைத் திறந்தது கணவர். கையில் முழங்கைவரை பழுப்புச் சேற்றோடு நின்றது கணவர். செயலாளர் அவரைத் தாண்டி என்னிடம்தான் கேட்டார்.

“வீட்டில வச்சாணோ மேடம் மண்ணு டெஸ்டிங்?”

வீட்டில் வைத்துத்தான் மண் பரிசோதனை செய்கிறீர்களா என்று. கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நானல்ல, அவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்பும் நானே கேட்டேன். வடிகாலும் நானே குத்தினேன். மூன்று சாக்கு நார்த்தூள் மிஞ்சி, பின் பால்கனியில் கணவரின் உடற்பயிற்சி சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டையும் அதற்குப் பிறகு வெகுநாள் யாரும் தொடவில்லை.

தொட்டிக்குள் போட்டதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தேன். விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது. எனக்கு அது போதும். அப்போது மழை தொடங்கியிருந்தது. துணியே மூன்று நாள் காயாத வீட்டில் இது எப்படிக் காயும்? “இது காயாது” என்று ஒரு தடவை சொன்னேன். ஈரப்பதம் நல்லது என்று குழுவில் எல்லோரும் சொல்வதாகச் சொன்னார். துபாய்க்காரருக்கு நல்லதுதான். சரி, என்னைக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

கேட்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை. ஐந்து வாரம் அப்படியே போனது. கணவருடைய சொந்தக்காரர்கள் கூடுகிற இடங்களில் என்னைப் பற்றி, ‘கட்டடப் பக்கம் ஏதோ வேலை பார்க்கிறாள்’ என்று சொல்வார்கள். மண் என்ற சொல் அவர்கள் வாயில் வராது. செருப்பை வெளியே விடு, மண் வரும் என்று சொல்லும்போது மட்டும் வரும். பதினாறு வருடமாக உள்ளே கிடந்த அந்த எரிச்சலையெல்லாம் ஆமைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தேன் என்று இப்போது தெரிகிறது. நார்த்தூளின் மேல் வெள்ளைப் பூசணம் படர்ந்ததைப் பார்த்தேன். பொடி ஈக்கள் கிளம்பியதைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பார்த்து, நான் நினைத்தது சரி என்று மனதுக்குள் ஒரு குறி போட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் தொட்டியைக் கடந்து போகும்போது வாடை வந்தது. ஈர மண்ணைப் பையில் கட்டி மறந்துபோய் ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வருமே அந்த வாடை. ஆமையைத் தூக்கித் திருப்பினேன். அடியோட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்திருந்தது. கட்டைவிரலால் தொட்டேன், அமுங்கியது. அதுவரை சத்தமே போடாத பிராணி, காற்றை வெளியே தள்ளி ஒரு சீறல் சீறித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதை உலர்ந்த துண்டு ஒன்றின்மேல் வைத்தேன். குறி போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

நகரத்தில் ஆமை பார்க்கிற மருத்துவர் ஒருவர்தான் கிடைத்தார். எங்களைவிட இளையவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். கணவர் மேலாளரின் வண்ணக் கட்டங்களிலிருந்து தொடங்கித் தன் அட்டவணைவரை கைப்பேசியில் காட்டிக்கொண்டே போனார். மருத்துவர் பஞ்சால் புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அடியில என்ன போட்டிருக்கு? சகிரிச்சோறா? மழைக்காலத்திலயா?”

கணவர் கைப்பேசியை உள்ளே வைத்தார். ஈரத்திலேயே நின்றதால் ஓடு அழுகத் தொடங்கியிருக்கிறது, ஆழமாகப் போகவில்லை, மருந்து போட்டு உலர்வாக வைத்தால் ஆறிவிடும் என்றார் மருத்துவர். இது குட்டி, இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் அறுபது கிலோவுக்கு வரும், அதற்கும் இடம் யோசித்துக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் சொன்னார். மேலாளரின் படங்களில் அந்தத் தகவலுக்குக் கட்டமே இல்லை.

ஆட்டோவில் கணவர் ஆமைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டம் சந்திப்பு தாண்டியது. பிறகு கேட்டார்.

“நீ மண்ணு வேலைதானே பாக்கே. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பின்னே ஏன் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்ல.”

ஐந்து வாரமாக நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த பதில் அது. சொன்னால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். பெட்டிக்குள் ஆமை நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு பேருடைய வீம்பையும் சேர்த்து அதுதான் அடிவயிற்றில் வாங்கியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கணவர் வெளியே பார்த்துக்கொண்டு, “சரி, நீயே பாத்துச் செய்” என்றார். பார்க்கப்போனால் அதுவும் கேள்வி இல்லை, உத்தரவுதான். அன்றைக்கு அது எனக்குப் போதுமாக இருந்தது.

புண் உலரும்வரை பழைய பருத்தித் துண்டுகளை விரித்துத் தினமும் இரண்டு வேளை மாற்றினோம். இடையில் மண் தேடினேன். பரிசோதனைக்கூடத்துக்குப் பின்னால் வேண்டிய மட்டும் கிடக்கும். ஆனால் சிமெண்டும் கம்பித் துருவும் விழுந்த மண், பிராணி வாய் வைக்கிற இடத்துக்கு ஆகாது. ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அங்கிருந்தவர் செம்மண்ணில் சாணி உரம், வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள், பூச்சி மருந்து எல்லாம் கலந்து தயாராக வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். ஒன்றும் கலக்காத மண் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் கலக்காமல் எப்படி விற்பது என்று அவருக்குக் கோபம் வந்தது. அவர் கலவையைக் குறை சொல்லி நான் அவமானப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொண்டார். கடைசியில் கொட்டகைக்குப் பின்னால், இன்னும் எதுவும் சேர்க்காமல் குவித்திருந்த செம்மண்ணை, தரம் குறைந்த சரக்கைத் தள்ளிவிடுகிற முகத்தோடு இரண்டு மூட்டை கட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கூடத்திலிருந்து சல்லடை கொண்டுவந்தேன். மண்ணைச் சலித்துக் கல்லும் வேரும் நீக்கி, வெயில் கிடைத்த இரண்டு நாளும் மொட்டைமாடியில் காயவைத்தேன். கழுவிய மணல் ஒரு பங்கு சேர்த்தேன். தண்ணீர் தெளித்து, கையில் உருட்டித் திரித்துப் பார்த்து, எந்த ஈரத்தில் மண் சரியாகப் பிடிக்கிறதோ அந்த ஈரத்துக்குக் கொண்டுவந்தேன். பெரிய மரப் பெட்டி ஒன்று செய்வித்து, தரையில் படாமல் செங்கல் வைத்து உயர்த்தி, மண்ணை மூன்று அடுக்காகப் போட்டேன். ஒவ்வொரு அடுக்கையும் ஒரு கட்டையால் சீராகக் குத்தி இறுக்கினேன். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பதினாறு வருடமாகச் செய்கிற கை அது, தானாகச் செய்துவிட்டது.

ஆமையை இறக்கிவிட்டோம். சுற்றி நடந்தது. ஒரு மூலையில் நின்று முன்னங்காலால் தோண்டப் பார்த்தது. நகம் சறுக்கியது. இன்னொரு மூலைக்குப் போனது. அங்கேயும் சறுக்கியது. அரை மணி நேரத்தில் நான்கு மூலையும் பார்த்துவிட்டு, நடுவில் வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. கணவர் குனிந்து விரல் முட்டியால் மண்ணைத் தட்டினார். ‘டக் டக்’ என்றது.

“இதுல நாலு மாடி எடுக்கலாம் கேட்டியா” என்றார்.

அந்தக் கிண்டல் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். நானும் சிரித்துவிட்டேன். மண் எவ்வளவு தாங்கும் என்றுதான் என்னிடம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தோண்டினால் விட்டுக்கொடுக்குமா என்று கேட்ட முதல் வாடிக்கையாளர் இந்த ஆமை. அன்று மத்தியானம் இரண்டு பேருமாகக் கரண்டியால் முழுவதையும் கொத்திப் புரட்டினோம். ஒரு பாதியில் மண்ணை அரையடிக்குமேல் உதிரியாகக் குவித்தோம். மறுபாதியில் மெல்லியதாகப் பரப்பி, காய்ந்த புல் போட்டு, நகம் தேய்வதற்கு ஒரு சொரசொரப்பான கடப்பைக்கல் துண்டு வைத்தோம். மிஞ்சிய நார்த்தூளில் ஒரே ஒரு கிண்ணம் எடுத்து ஒரு மூலையில் மட்டும் கலந்தேன், அங்கே லேசான ஈரம் நிற்பதற்கு. ஆமை உதிரி மண்ணுக்குள் தலையைக் கொடுத்துப் புரண்டு புரண்டு பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டது. சாயங்காலம்வரை அசையவில்லை. கணவருக்குப் பயம் வந்து இரண்டு தடவை தட்டி எழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை.

புண் ஆறி முடிய இரண்டு மாதமானது. வெளுத்த இடம் கெட்டிப்பட்டு, தழும்பு மட்டும் நின்றது. அன்றைக்குக் கணவர் ஆமையின் படத்தோடு தன் குழுவில் நீளமாக ஒன்று எழுதினார். பல மாதத் தீவிர ஆராய்ச்சிக்குப் பிறகு கேரளத்து மழைக்கேற்ற கலவை ஒன்றை ‘நாங்கள்’ கண்டுபிடித்திருக்கிறோம் என்று. அந்த ‘நாங்கள்’ என்பதில் நானும் இருக்கிறேன் என்று சொன்னார். இருநூறு பேரும் கை தட்டும் படங்களை அனுப்பினார்கள். துபாய்க்காரர் மட்டும், மணல் எத்தனை பங்கு என்று கேட்டுவிட்டார். கூடத்திலிருந்து கணவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், “பிள்ளே, மணலு எத்தனை பங்கு போட்டோம்?” எழுதிக் கேட்டால் ஏழு வேலை நாளில் அறிக்கை தருகிறேன் என்றேன். பிறகு என் கைப்பேசியில் செய்தி வந்தது. ‘மதிப்பிற்குரிய மேடம்’ என்று ஆரம்பித்திருந்தார். மூன்றுக்கு ஒன்று என்று பதில் போட்டேன்.

அறுபது கிலோ விஷயம் மிச்சம் இருந்தது. மூன்றாம் மாடியில் அதற்கு வழி கிடையாது. இந்த வருடம் தரை வீடு தேட ஆரம்பித்தோம். கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம் வரைக்கும் பதினாலு வீடு பார்த்தோம். ஒவ்வொரு வீட்டிலும் முற்றம் இருக்கிறது, முற்றத்தில் மண் இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லாக் கல் பதித்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் ரோட்டுக்கு ஓடுகிறது. ரோட்டில் வெள்ளம் என்று அதே வீட்டுக்காரர்கள் மனு எழுதுகிறார்கள். மண்ணே இல்லையா என்று நான் கேட்கும்போதெல்லாம், இல்லவே இல்லை, ஒரு பொட்டு அழுக்குக்கூட வராது என்று உறுதி கொடுத்தார்கள்.

பதினைந்தாவது வீடு போத்தன்கோடு பக்கம். அண்ணன் தம்பி தகராறில் முற்றம் யாருக்கு என்று தீராததால், கல் பதிக்காமல் விட்டிருந்தார்கள். வெட்டுக்கல் உதிர்ந்த செம்மண், நடுவில் ஒரு சப்போட்டா மரம், சுற்றிலும் காட்டுப் புல். வீட்டுக்கார அம்மாவுக்கு அதைக் காட்டவே கூச்சம். தகராறு தீர்ந்துவிட்டது, நீங்கள் குடிவருவதற்குள் கல் போட்டுத் தந்துவிடுகிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அதற்குள் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, உள்ளங்கையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டை பிடித்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

கல் வேண்டாம் என்று கணவர் சொன்னார். அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்தார். கல் போடாவிட்டால் வேறு யாரும் வாடகைக்கு வரமாட்டார்களே என்றார். பிறகு கணவர் அவரிடம் ஆமையைப் பற்றி ஆரம்பத்திலிருந்து, செயற்கைப் புல்லில் தொடங்கி, சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா பாதியில் குறுக்கிட்டு, ஆமை மரம் ஏறுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஏறாது என்றதும் சம்மதித்தார். முற்றத்து மண்ணைக் குடியிருப்பவர் மண்ணாகவே வைத்துக்கொள்ளலாம் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம். முத்திரைத்தாள் எழுதியவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, பிழையாக இருக்கும் என்று அடிக்கப் போனார். கணவர் அவர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த வாரம் சாமான் ஏற்றுகிறோம்.